அடுப்படி வெளியேறிய கதை: வவுனியாக் குடியிருப்புகளில் காற்றும் புகையும்

பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் ஊரின் மீள்குடியேற்ற வரலாற்றுக்குக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். காணி உறுதிகள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், புத்தளத்தில் தந்த நிவாரண அட்டைகள் என்று ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. வவுனியா - மன்னார் வீதியை அண்டிய ஊர் எங்களுடையது. ஆண்களிடம் வாய்மொழித் தகவல் கேட்டால் காணி எல்லை, குளத்து நீர்ப்பங்கு, வாக்காளர் இடாப்பு, யார் எந்த வருடம் திரும்பி வந்தார் என்று வரிசையாகச் சொல்வார்கள். பெண்களிடம் கேட்கப் போனால் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "அதெல்லாம் கிடக்கட்டும் சேர், இஞ்சால வந்து பாருங்க" என்று வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போவார்கள்.

அங்கே ஒரு தகரப் பத்தி இருக்கும். மூன்று பக்கமும் தகரம், ஒரு பக்கம் பழைய சேலை. உள்ளே மூன்று கல், எரியும் விறகு, கறுத்துப்போன பானை. கல்வீட்டுக்குள்ளே குசினி என்று ஓர் அறை இருக்கத்தான் செய்கிறது. அதில் நெல் மூட்டை, துவிச்சக்கர வண்டி, பிள்ளைகளின் புத்தகம். "உள்ளுக்க வச்சுக் காச்சினா வீடு முழுக்கப் பொகை சேர். சுவரெல்லாம் கறுத்துப் போகும். பெயின்ற் அடிச்சது எங்கட காசு" என்றார் ஒரு ராத்தா.

முதல் சில வீடுகளில் இதை நான் குறிப்பெடுக்கவே இல்லை. வரலாறு என்றால் காணியும் போரும் என்று நினைத்த பழக்கம். ஏழெட்டு வீடுகளில் ஒரே காட்சியைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. ஒரு சமூகம் இருபது வருடம் காத்திருந்து கட்டிய வீட்டிலிருந்து அதன் அடுப்படி வெளியேறிவிட்டது. அது ஏன், எப்போது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

பழைய வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். என் மூத்தாப்பா காலத்து வன்னி வீடு வரிச்சுக் கட்டி மண் அப்பிய வீடு. கூரை இலுக்குப் புல் அல்லது வைக்கோல். தென்னை இருந்தவர்களுக்குக் கிடுகு. சுவர் கூரை வரைக்கும் போகாது. சுவர்த் தலைக்கும் தாவாரத்துக்கும் இடையில் ஒரு முழம் அளவு வெளி விட்டிருப்பார்கள். அந்த வெளியை யாரும் 'காற்றோட்டம்' என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அது அப்படித்தான் இருக்கும், அவ்வளவுதான். குசினி தனிக் கொட்டில், பெரும்பாலும் அரைச்சுவர். புகை கூரையின் புல்லுக்குள்ளே புகுந்து மெல்ல மெல்ல வெளியேறும். மழை நாளில் தூரத்தில் நின்று பார்த்தால் கூரையே ஆவி விடுவதுபோல் தெரியும்.

அந்தப் புகைக்கு வேலையும் இருந்தது. அடுப்புக்கு மேலே பரண். அதில் விதை நெல், சோளக் கதிர், பயறு, இறைச்சி வத்தல், கருவாடு. புகை பட்டால் வண்டு அண்டாது, பூஞ்சணம் பிடிக்காது. கூரைப் புல்லும் சீக்கிரம் உக்காது. வன்னியின் நுளம்பையும் புகைதான் கொஞ்சம் விரட்டியது. மலேரியா இந்த மண்ணின் பழைய சாபம். 1934-35 கொள்ளை நோயின் கதையைச் சிறு வயதில் கேட்காத வீடு இல்லை. ஆகவே பழைய ஆட்கள் புகையைப் பகையாகப் பார்க்கவில்லை. உம்மும்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைப்பார், ஆனால் அடுப்பை ஒரு நாளும் வைய மாட்டார்.

பழைய மண் வீட்டைப் பொற்காலமாகக் காட்ட நான் விரும்பவில்லை. அந்தக் குசினிகளிலும் பெண்கள் இருமினார்கள், பிள்ளைகளுக்கு மூச்சு இழுத்தது. ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு நற்குணம் இருந்தது: அது ஒழுகும். காற்று அதற்குள்ளே வர யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பிறகு வந்த எல்லா வீட்டையும் நாம் ஒழுகாமல் கட்டப் பழகினோம். மழைக்கு ஒழுகாதது காற்றுக்கும் ஒழுகாது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நம்மிடையே இஸ்லாமியக் கட்டடக் கலை என்றால் குப்பாவும் மினாராவும்தான் பேச்சு. வீட்டுக் காற்றைப் பற்றி முஸ்லிம் உலகம் எவ்வளவு யோசித்திருக்கிறது என்பது நம்முடைய மீலாத் மலர்களில் வருவதில்லை. 11ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவர் அலீ இப்னு ரிழ்வான், ஃபுஸ்தாத் நகரத்து நோய்களைப் பற்றி எழுதும்போது மருந்துப் பட்டியலோடு நிற்கவில்லை. ஒழுங்கைகள் ஒடுக்கம், கட்டடங்கள் உயரம், அதனால் காற்று தேங்குகிறது. குளியல் கூடங்களின் உலைப்புகை ஊரின் மேல் கவிகிறது என்று நகரத்தையே நாடி பிடித்துப் பார்த்தார். இப்னு சீனாவின் மருத்துவத்தில் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் காரணிகளில் நாம் சுவாசிக்கும் காற்றுக்கு முக்கிய இடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தைப் பற்றி எழுதிய பக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், அங்குள்ள வீடுகளின் கூரையில் கட்டியிருந்த காற்றுப் பிடிப்பான்களை வியந்து குறித்து வைத்தார்.

இந்தக் காற்றுப் பிடிப்பானுக்கு ஈரானில் பாத்கீர் என்று பெயர், எகிப்தில் மல்கஃப். கூரைக்கு மேலே காற்று வரும் திசையைப் பார்த்து வாய் திறந்த ஒரு கூண்டு. மேலே ஓடும் குளிர்ந்த, தூசு குறைந்த காற்றை அது கீழே இறக்கும். வீட்டின் நடுக்கூடம் உயரமாக இருக்கும். சூடான காற்று அதன் உச்சியில் உள்ள திறப்பால் வெளியேறும். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. கெய்ரோவில் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய முஹிப்புத்தீன் மாளிகைக் கூடத்தில் இந்த அமைப்பை இன்றும் காட்டுகிறார்கள்.

தெருப்பக்க யன்னல்களுக்கு மஷ்ரபிய்யா. கடைந்த மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த சல்லடைத் தட்டி. உள்ளே இருக்கும் பெண்ணுக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவனுக்கு உள்ளே தெரியாது. காற்று இரண்டு பக்கமும் போய் வரும். மறைப்புக்காக மூச்சை விற்க வேண்டியதில்லை என்று அந்தத் தச்சர்கள் எப்போதோ தீர்த்துவிட்ட பிரச்சினை இது. இங்கே நாங்கள் அதே மறைப்புக்காக யன்னலுக்குத் தகரம் அடித்து ஆணி இறுக்குகிறோம். காயல்பட்டினத்திலோ பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர 'முடுக்கு' என்ற ஒடுக்கமான சந்துகள் உண்டு. மறைப்பை ஊரின் அமைப்புக்குள்ளேயே வைத்துவிட்ட இடத்தில் யன்னலை அடைக்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிடும். நாங்கள் வந்து விழுந்தது பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் துண்டுகளில். அடுத்த வீட்டு யன்னல் நம் வீட்டு யன்னலைப் பார்த்து நிற்கும். ஆகவே இரண்டு வீட்டாரும் சாத்துவார்கள்.

இந்த இடத்தில் ஹஸன் ஃபத்ஹியைச் சொல்லாமல் போக முடியாது. 1945-46 அளவில் எகிப்திய அரசு லக்ஸோருக்கு எதிரே பழைய கல்லறைகளின் மேல் குடியிருந்த குர்னா கிராமத்து மக்களை வேறிடத்தில் குடியேற்ற நினைத்தது. புதிய ஊரைக் கட்டும் பொறுப்பு ஃபத்ஹிக்கு. மண் செங்கல், குவிமாடக் கூரை, நடுமுற்றம் என்று அந்நாட்டு மரபிலேயே கட்டினார். பள்ளிக்கூடத்துக்கு மல்கஃப் வைத்து, அதன் குழாய்க்குள் நனைத்த கரியை அடுக்கினார். உள் வெப்பம் சுமார் 10 பாகை செல்சியஸ் குறைந்தது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். ஆனால் மக்களில் பெரும்பாலோர் அங்கே குடிபோக மறுத்தார்கள். பழைய ஊர்தான் அவர்களுடைய பிழைப்பு. மீள்குடியேற்றம் பற்றிப் படிக்கிறவர்களுக்கு ஃபத்ஹியின் வெற்றியைவிட இந்தத் தோல்விதான் அதிகம் கற்றுத் தரும் என்பது என் எண்ணம். நல்ல காற்று வரும் வீட்டைக்கூட, இருக்கப் போகிறவரைக் கேட்காமல் கட்டினால் அது காலியாகக் கிடக்கும்.

ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கு ரயில் பாதை 1905இல் முழுமையடைந்தது. அந்தக் காலத்து ரயில்வே விடுதிகள், கச்சேரிக் கட்டடங்கள், வாட்டுகள் எல்லாவற்றுக்கும் உயர்ந்த கூரை, பெரிய யன்னல், யன்னலுக்கு மேலே சிறு திறப்பு, சுற்றிவர விறாந்தை. 1859இல் வெளியான தாதியர் கையேட்டில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் நோயாளியின் அறைக்காற்று வெளிக்காற்றைப் போலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதையே முதல் விதியாக வைத்தார். கிருமியைப் பற்றிய அறிவு முழுதாக வருமுன்னரே காற்று முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காரணம் பிழை, கைவைத்தியம் சரி என்று சொல்லலாம்.

அந்தக் கைவைத்தியம் சரிதான் என்பதற்குப் பிறகு ஓர் அழகான ஆதாரம் வந்தது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு வைத்தியசாலைகளில் 70 அறைகளை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. கேள்வி காசநோய் பரவுவது பற்றியது. யன்னல் கதவுகளை முழுதாகத் திறந்த அறைகளில் மணித்தியாலத்துக்கு 28 தடவை அளவில் காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளுக்கு 12 தடவை என்று கணக்கு. அதைவிட வியப்பு: ஐம்பது வருடத்துக்கு முந்திய, உயர்ந்த கூரையும் பெரிய யன்னலும் உள்ள அறைகளில் 40 தடவை, புதிதாகக் கட்டிய அறைகளில் 17. நாங்கள் இடித்துத் தள்ளிய பழைய கட்டடங்களை நினைத்துக் கொண்டேன்.

இனி 1990. அந்த ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மக்களோடு வவுனியாவின் சில பகுதியாரும் அதில் அடக்கம். மொத்தம் 70,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் ஒதுங்கியது புத்தளத்தில். அந்தக் கதை பல தடவை எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கே பார்ப்பது கூரையையும் சுவரையும் மட்டும்.

புத்தளத்து முகாம் வாழ்க்கையின் முதல் பாதி கிடுகுக் கொட்டில். கூரையும் கிடுகு, சுவரும் கிடுகு. மழை ஒழுகும், நெருப்புப் பயம் தீராது, வருடா வருடம் கிடுகு மாற்றக் காசு வேண்டும். ஆனால் கல்பிட்டிப் பக்கத்துக் கடல் காற்று எந்தக் கிடுகுக்குள்ளும் புகுந்து வரும். உம்மா அங்கேயும் உள்ளேதான் சமைத்தார். கண் எரிந்ததே தவிரப் புகை தங்கவில்லை. அடுத்து வந்தது தகரம். முதலில் கூரைக்கு, அப்புறம் சுவருக்கு. தகரம் வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். ஒழுகாது, உக்காது, ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டாம். மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது என்பது இரண்டாவது கிழமையில் தெரிந்தது. அடுப்பை முதலில் வெளியே தள்ளியது இந்தத் தகரம்தான் என்று வாய்மொழிகளிலிருந்து எனக்குத் தெரிகிறது. வெயிலின் சூடும் அடுப்பின் சூடும் ஒரே அறையில் இருக்க ஏலாமல் அடுப்பு வெளியே போனது. வெளியே போன அடுப்புக்கு மறைப்பு வேண்டும் என்று பழைய தகரத்தை மூன்று பக்கமும் நட்டார்கள். அந்தப் பத்தியைத்தான் எங்கள் பெண்கள் வவுனியாவுக்குத் திரும்பும்போது தலையில் சுமக்காமல் மனத்தில் சுமந்து வந்தார்கள்.

இந்த அவதி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் மூன்று லட்சத்துக்குக் கிட்டிய தமிழ் மக்கள் அடைந்து கிடந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. எங்கள் ஊரில் வேலை செய்யும் மேசன் ஒருவர் அங்கே இருந்தவர். "கூடாரத்துக்குள்ள பகல்ல இருக்கேலாது மாஸ்டர். பிள்ளையளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இரவில திறந்து விட்டா நுளம்பு, சாத்தினா மூச்சு முட்டும்" என்றார். நுளம்பா மூச்சா என்ற அந்தத் தெரிவு இந்த மாவட்டத்தின் எல்லாக் குடிசைக்கும் பொது.

போருக்குப் பிறகு கல்வீட்டுக் காலம் வந்தது. இதில் பெரிய முயற்சி இந்திய வீடமைப்புத் திட்டம். 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கு கிழக்குக்கு. 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் பயனாளியே கட்டுநர்: ஒரு குடும்பத்துக்கு 5.5 லட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். 550 சதுர அடி அளவில் வீடு. ஃபத்ஹிக்குக் கிடைக்காத வாய்ப்பு எங்கள் மக்களுக்குக் கிடைத்தது என்று சொல்லலாம். மேசனைத் தாங்களே பிடிக்கலாம், வாசல் எந்தப் பக்கம் என்று தாங்களே முடிவெடுக்கலாம். வேறு உதவி நிறுவனங்களின் திட்டங்களும் ஏறத்தாழ இதே அளவில் வந்தன.

என் வீடு அப்படி வந்த வேறொரு சிறு திட்டத்தில் கட்டியது. வரைபடத்தில் யன்னல்கள் போதுமானவை இருந்தன. காசு கூரை வரைக்கும் வந்தது. மிச்சம் இருந்தது யன்னல் பலகை, கண்ணாடி, கிறில். எல்லா வீட்டிலும் கடைசிக் கட்டத்தில் காசு முடியும்போது யன்னலில்தான் கை வைப்பார்கள். நாங்களும் இரண்டு யன்னலைச் செங்கல் வைத்து மூடினோம். 'பிறகு பார்ப்போம்' என்றேன். பிறகு பார்க்க எட்டு வருடம் சென்றது. குசினிக்குப் புகைக்கூடு வரைபடத்தில் இருந்தும் நாங்களே வேண்டாம் என்றோம். கூரையை உடைத்தால் மழை ஒழுகும் என்று மேசன் சொன்னார், காஸ் அடுப்புத்தானே வரப்போகிறது என்று நான் சொன்னேன். படித்தவனின் பிழை படிக்காதவனின் பிழையைவிட நீண்ட காலம் நிற்கும்.

2016 அளவில் வீட்டுக் காற்று திடீரென்று அரசியல் ஆனது. 'பொருத்து வீடு' என்று பத்திரிகைகள் எழுதிய விவகாரம். வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள், ஆர்சிலர் மிட்டல் நிறுவனம் மூலம், ஒரு வீடு சுமார் 21 லட்சம் ரூபாய் என்று மீள்குடியேற்ற அமைச்சு முன்வைத்தது. கல்வீடு இதன் பாதிச் செலவில் கட்டலாமே என்று எதிர்ப்பு எழுந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் அறிஞர்கள் மாதிரி வீட்டைப் பார்த்து எழுப்பிய குறைகளில் அத்திவாரமும் ஆயுளும் மட்டுமல்ல, காற்றோட்டமும் விறகு அடுப்புக்கு வசதி இல்லாமையும் இருந்தன. கடைசியில் அந்தத் திட்டம் எண்ணியபடி நடக்கவில்லை. எனக்கு நினைவிருக்கும் வரை, இந்த நாட்டில் ஒரு வீட்டுத் திட்டத்தைப் பற்றிய பொது விவாதத்தில் அடுப்பும் காற்றும் இவ்வளவு சத்தமாகப் பேசப்பட்டது அப்போதுதான். நாங்களும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து இரும்பு வீட்டைத் திட்டினோம். திட்டிவிட்டு யன்னல் மூடிய எங்கள் கல்வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.

உம்மாவுக்கு அப்போது மூச்சுவாங்கல் முற்றிவிட்டது. கிளினிக்கில் நெஞ்சுப் படத்தைப் பார்த்த இளம் டாக்டர் தயங்கித் தயங்கி, "அம்மா சிகரெட், பீடி ஏதாவது..." என்று கேட்டார். உம்மா சிரித்துவிட்டார். ஐம்பத்தைந்து வருடம் விறகு ஊதிய நெஞ்சு அது. புகைபிடிக்காத பெண்ணுக்குப் புகைபிடிப்பவனின் நோய். வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. காற்றோட்டம் குறைந்த வீட்டில் நுண்துகள் ஏற்கத்தக்க அளவைப்போல் நூறு மடங்கு வரை போகும் என்றும் சொல்கிறது. இலங்கையில் 2012 குடிசனக் கணக்கின்படி நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகளில் சமையல் விறகில். உம்மா அந்த எண்களில் ஒருவராக இரண்டு வருடம் கழித்து மௌத்தானார். யன்னலைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வருடத்தை ஒரு யன்னல் திருப்பித் தராது. ஆனால் கடைசி எட்டு வருடம் அவர் அந்தத் தகரப் பத்திக்குள்தான் இருமினார்.

விறகு மட்டும் என்று நினைக்கக் கூடாது. நுளம்புச் சுருளைப் பற்றி 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதாக எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்ததற்குச் சமம் என்று கண்டார்கள். மஃரிபுக்கு யன்னலைச் சாத்தி, சுருளைக் கொளுத்தி, பிள்ளையைக் கட்டிலில் போடும் வீடு எங்களுடையது. அதோடு சாம்பிராணி. மௌலூது வீடு என்றால் யன்னலைத் திறக்கலாமா என்று கேட்பார்கள். பிள்ளை பெற்ற அறையில் நாற்பது நாளும் புகை. காற்றுப் பட்டால் தாய்க்குச் சன்னி பிடிக்கும் என்று சாத்தி வைப்பார்கள். தூங்கும்போது வீட்டில் நெருப்பை அணைத்துவிடச் சொன்ன நபிமொழியை நாம் தீவிபத்துக்கு மட்டும் என்று வாசித்து விட்டோம். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. டெங்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது. இரவுச் சுருளைவிட யன்னலுக்கு ஒரு வலைத்துணி அடிப்பது மலிவு.

திறப்பதும் எல்லா இடத்திலும் விடையாகாது. பம்பைமடுக் குப்பை மேட்டுக்கு எதிராகச் சாளம்பைக்குளத்து மக்கள் வீதிக்கு இறங்கினார்களே, அவர்களிடம் போய் யன்னலைத் திறவுங்கள் என்று பாடம் நடத்த முடியாது. வெளிக்காற்று கெட்டால் வீட்டுக்காரர் செய்யக் கூடியது கொஞ்சம்தான். அது சபைகளின் வேலை.

2021 கடைசியில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தன. 2022இல் டொலரும் இல்லை, காஸும் இல்லை. வவுனியா நகரில் விறகு அடுப்பையே மறந்த வீடுகள் மறுபடி விறகு தேடின. என் தங்கச்சி பட்டாணிச்சூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக் குசினி காஸுக்காகவே கட்டியது: பளபளப்பான மாபிள், ஒற்றைச் சிறு யன்னல், தட்டையான தாழ்ந்த கூரை. அதற்குள் அனகி அடுப்பை வைத்தாள். 1980களின் நடுவில் இங்கேயே வடிவமைத்த இரட்டைப் பானைக் களிமண் அடுப்பு அது. விறகை நன்றாக மிச்சம் பிடிக்கும். ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. குறைந்த விறகு, குறைந்த புகை. அந்தக் குறைந்த புகையும் போக வழி இல்லை. ஒரு கிழமையில் அவளுடைய மாபிள் மஞ்சளானது, மூன்று வயதுப் பேரனுக்கு இழுப்பு வந்தது.

"காக்கா, நீங்க இதத்தானே எழுதுறீங்க, வந்து ஒண்டு செய்யுங்க" என்று போனில் கத்தினாள். மெனிக் பாமில் இருந்த அதே மேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கையில் ஈரத்துணி ஒன்றைக் கொளுத்திப் புகைய விட்டு, அறைக்குள் நடந்து புகை எங்கே போகிறது என்று பார்த்தார். எங்கும் போகவில்லை. கூரையின் கீழே பாய் விரித்தது போல் படுத்துக் கிடந்தது. "மேல வாசல் இல்ல மாஸ்டர். சூடான காத்து ஏறத்தான் செய்யும். ஏறினது போறதுக்கு ஓட்டை வேணும், அது போக இஞ்சால கீழ இருந்து புதுக்காத்து வரவும் வேணும். ஒரு ஓட்டை போட்டா ஒண்டும் நடக்காது." முஹிப்புத்தீன் கூடத்தைப் பற்றி நான் வாசித்த முழுவதையும் அவர் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தார்.

எந்தச் சுவரில் என்பதில் சண்டை. எங்கள் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம், மழைக்காலத்தில் வாடை. தென்மேற்குச் சுவரில் கீழ்த் திறப்பு வைத்தால் வருடத்தில் பாதிக்குக் காற்று தானே தள்ளும். அந்தச் சுவர் ஒழுங்கையைப் பார்த்தது. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. போகிற வருகிற ஆட்கள் குசினிக்குள்ளே பார்ப்பார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. நான் தொலைபேசியில் மஷ்ரபிய்யாப் படத்தைக் காட்டினேன். மேசன் அதை வாங்கிப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, மரத்தில் செய்ய நம்மால் கட்டாது, செங்கல்லைச் சாய்த்து ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கினால் இதே வேலை நடக்கும் என்றார். ஒழுங்கையில் நிற்பவனுக்குச் செங்கல்லின் பக்கம் மட்டும் தெரியும்படி சாய்வு வைத்தார். எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி நீளமாக ஒரு திறப்பு, மழைக்குத் தகரத் தொப்பி. அடுப்புக்கு நேர் மேலே சீமெந்துக் குழாயில் புகைக்கூடு, முகட்டைவிட உயரமாக. முகடு தாண்டாத புகைக்கூட்டில் காற்று திருப்பி அடித்துப் புகையை உள்ளே இறக்கிவிடும் என்பது அன்று நான் கற்றது. இரண்டு நாள் வேலை.

அடுப்பை மூட்டினோம். முதல் ஐந்து நிமிடம் புகை தயங்கியது. குழாய் சூடேற வேண்டும். அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், தங்கச்சி "அல்லாஹ்" என்றாள். காஸ் திரும்பி வந்த பிறகும் சோறு அங்கேதான் விறகில் வேகிறது. பேரனின் இழுப்பு இதனால்தான் குறைந்ததா என்று நான் சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

போன மாதம் என் வீட்டில் செங்கல் வைத்து மூடிய இரண்டு யன்னலையும் உடைத்தேன். பின்பக்கத்துத் தகரப் பத்தியைக் கழற்றும்போது ஒரு தகரத்தின் உட்புறத்தில் உம்மாவின் கையடையாளம் கரியில் பதிந்திருந்தது. அந்த ஒரு தகரத்தை மட்டும் குறிப்புகள் வைத்திருக்கும் பெட்டிக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். தங்கச்சிக்கு இப்போது வேறு முறைப்பாடு. மேல் திறப்பால் பூனை வருகிறதாம். வலை அடிக்க மேசனை வரச் சொல்லியிருக்கிறாள்.